புதன்கிழமை அங்கிள்

லோகேஸ்வரி டீச்சருக்குத் தன் வீட்டுக்காரர் மேலேயே பொறாமை வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி மேல் வந்திருந்தால் குடியிருக்கிற பாயான் பாருவில் நாலு பேரிடம் சொல்லி ஆற்றிக்கொள்ளலாம். கூட வேலை செய்கிறவள் மேல் வந்திருந்தால் ஆசிரியர் அறையில் அதற்கென்றே ஒரு மூலை இருக்கிறது. கட்டின புருஷன் மேல், அதுவும் வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருக்கிற மனுஷன் மேல் பொறாமை என்றால் எங்கே போய்ச் சொல்வது? அவள் யாரிடமும் சொல்லவில்லை. உள்ளுக்குள் வைத்துக்கொண்டே அவருக்குச் சோறு போட்டாள், சட்டை தேய்த்துக் கொடுத்தாள்.

கோகிலன் இருபது வருஷத்துக்கு மேல் ஒரே மின்னணுத் தொழிற்சாலையில் இருந்தவர். செய்து முடித்த சர்க்யூட் போர்டுகள் சரியாக வேலை செய்கின்றனவா என்று சோதிக்கிற பிரிவு. வருஷ ஆரம்பத்தில் அந்தப் பிரிவை அப்படியே தூக்கி வியட்நாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இயந்திரங்கள் போயின, ஆட்கள் இங்கேயே நின்றுவிட்டார்கள். முதல் மாதம் கோகிலன் வீட்டுக்கு வெள்ளை அடித்தார். அடுத்த மாதம் கேட்டைக் கழற்றி மாட்டினார், தண்ணீர்க் குழாயை மாற்றினார், நன்றாக ஓடிக்கொண்டிருந்த காற்றாடியைக்கூடப் பிரித்துப் போட்டார். அதற்கப்புறம் வீட்டில் பழுது பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. டிவியைப் போட்டுவிட்டு, சத்தத்தை அணைத்துவிட்டு, அதன் முன்னால் உட்கார்ந்திருப்பார். பெர்லிஸில் படிக்கிற மகள் தனுஜா போன் பண்ணினால், "அப்பா நல்லாத்தாம்மா இருக்கேன், நீ படி," என்று சொல்லி, லோகேஸ்வரியிடம் கொடுத்துவிடுவார்.

இரண்டு காடியில் ஒன்றை விற்றாகிவிட்டது. மிச்சமிருந்த ஒன்றில் அவர்தான் காலையில் அவளை ஜார்ஜ்டவுனில் இருக்கிற பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவார். கடற்கரைச் சாலையில் எதிர்ப்பக்கம் தொழிற்சாலைப் பேருந்துகள் வரிசையாகப் போகும். அந்தப் பக்கம் அவர் திரும்பிப் பார்க்கமாட்டார். பள்ளி கேட்டில் அவள் இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போகும்வரை காடியை எடுக்காமல் நிற்பார். அவள் அதை அன்பு என்று நினைத்திருந்தாள். அன்பும்தான்.

லோகேஸ்வரி படித்தது வணிகவியல். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பிரின்சிபல் கூட்டத்தில், "கீழ்ப் படிவங்களுக்குக் கணினி அறிவியல் புதுசா வருது, யார் எடுக்கிறீங்க?" என்று கேட்டபோது எல்லா ஆசிரியர்களும் ஒன்றுபோலத் தரையைப் பார்த்தார்கள். இவள் அந்த நேரம் பார்த்து நிமிர்ந்துவிட்டாள். அன்றிலிருந்து பதிமூன்று, பதினாலு வயசுப் பிள்ளைகளுக்கு அவள்தான் கணினி டீச்சர். அடுத்த நாள் பாடத்தை முந்தின நாள் படித்தாள். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லாமல், "நாளைக்குச் சொல்றேன்," என்று சொல்லி, மறுநாள் மறக்காமல் சொன்னாள். அப்படித்தான் அந்தப் பாடம் அவளுடையதானது.

சொல்லிக்கொடுப்பதில் அவளுக்கென்று ஒரு வழி இருந்தது. புதுப் பிள்ளைகளை முதல் வாரம் கணினியைத் தொடவே விடமாட்டாள். இடைவேளை நேரத்தில் கேண்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போய், ஓரமாக நிற்கவைத்து, சாப்பாட்டு வரிசையைப் பார்க்கச் சொல்வாள். தேங்காய்ப்பால் சோறு விற்கிற நாசி லெமாக் கவுண்டரில் ஒரு வரிசை, நூடுல்ஸ் விற்கிற மீ கவுண்டரில் ஒரு வரிசை. ஒருத்தன் எந்த வரிசையில் போய் நிற்கிறான், ஏன் பாதியில் மாறுகிறான், சாமான் தீர்ந்துபோனால் என்ன செய்கிறான், எல்லாவற்றையும் படிப்படியாக எழுதவேண்டும். பிறகு அதைக் கட்டம் கட்டமாகப் படம் போடவேண்டும். கேள்வி வருகிற இடத்தில் சாய்சதுரம். ஆமாம் என்றால் இந்தப் பக்கம், இல்லை என்றால் அந்தப் பக்கம். "கம்ப்யூட்டருக்கு மூளை கெடையாது. நீ சொல்லாத எதையும் அது செய்யாது. மொதல்ல நீ ஒழுங்கா யோசிக்கக் கத்துக்கோ," என்பாள். விளையாடலாம் என்று வந்த பிள்ளைகள் முதல் வாரம் முகத்தைத் தொங்கப்போடும். மூன்றாம் வாரம் வீட்டில் அம்மா தோசை சுடுவதற்குக்கூடப் படம் போட்டுக்கொண்டு வரும்.

அப்படி வந்தவள்தான் அதிரா. இரண்டாம் படிவம். அப்பா அலாவுதீன் சாலையோரத்தில் மீகோரிங் ஒட்டுக்கடை வைத்திருக்கிறவர். அப்பாவுக்கு வருகிற ஆர்டர்களை எந்த வரிசையில் பிரட்டினால் யாரும் காத்திருக்கவேண்டாம் என்று ஒரு முழுத்தாளுக்குப் படம் போட்டுக் காட்டினாள் அந்தப் பெண். அன்றைக்கு லோகேஸ்வரிக்கு நெஞ்சு நிறைந்து போனது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு பிள்ளை வாய்க்கவில்லை. வகுப்பில் எதைச் சொன்னாலும் அதிராவின் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வாள்; அவள் தலையாட்டினால் பாடம் சரியாகப் போகிறது என்று அர்த்தம்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கணினி அறையில் இருந்த இயந்திரங்களில் பாதி உயிரை விட்டதுதான் வினையாகப் போனது. பழுது பார்க்கிறவன் வருகிறேன் வருகிறேன் என்று ஒரு பள்ளித் தவணை முழுக்க வரவில்லை.

லோகேஸ்வரிதான் வீட்டில் கேட்டாள்.

"ஏங்க, சும்மாதான இருக்கீங்க. ஸ்கூல்ல வந்து அந்தக் கம்ப்யூட்டருங்கள கொஞ்சம் பாருங்களேன். பிரின்சிபல்கிட்ட நான் கேட்டுக்கறேன்."

சும்மாதான் என்ற வார்த்தை அவர் முகத்தில் பட்டதைப் பார்த்தாள். ஆனாலும் அவர் எழுந்து டிவியை அணைத்துவிட்டு, படுக்கைக்கு அடியில் இருந்த கருவிப் பெட்டியை இழுத்தார்.

ஒரு புதன்கிழமை மதியம் வந்தார். புதன்கிழமை கணினிக் கழகம் கூடுகிற நாள். அவர் பாட்டுக்கு மூலையில் உட்கார்ந்து ஒரு கணினியின் வயிற்றைத் திறந்தார். கழகத்துப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக நகர்ந்து நகர்ந்து அவர் பக்கம் போய்விட்டார்கள். லோகேஸ்வரி திரும்பிப் பார்த்தபோது அவள் முன்னால் இருந்தது வெறும் நாற்காலிகள். இக்மல் என்ற பையன் திருகாணிகளைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டிருந்தான். ஹரீஷ் டார்ச் அடித்தான். கோகிலன் தமிழும் மலாயும் கலந்து பேசிக்கொண்டே போனார். மாதக்கணக்காகப் பேசாத மனுஷன்.

"இங்க பாரு, இதான் மெமரி. உன் ஸ்கூல் பேக் மாதிரி. சின்ன பேக்குன்னா எல்லாத்தயும் திணிக்க முடியாது, அப்புறம் ஸ்லோ ஆயிரும்லா. தொடச்சி மறுபடி மாட்டுவோம். நீ மாட்டுறியா? பயப்படாதலா, கடிக்காது."

இயந்திரம் உயிர் பெற்று திரை வெளிச்சமானதும் பிள்ளைகள் கை தட்டினார்கள். லோகேஸ்வரியும் தட்டினாள். அன்றைக்கு மனசாரத்தான் தட்டினாள். வீட்டுக்குப் போகிற வழியில் அவர் காடியில் வாய் ஓயாமல் பேசினார். ஒட்டுக்கடையில் நிறுத்தி, கேட்காமலே அவளுக்குப் பிடித்த, காரச் சாறு ஊற்றின ரோஜாக்கை வாங்கிக் கொடுத்தார். அன்று இரவு டிவியில் சத்தம் வந்தது.

அடுத்த புதன்கிழமையும் வந்தார். அதற்கடுத்ததும் வந்தார். ஏதோ ஒரு வாரத்தில் பிள்ளைகள் அவரை அங்கிள் கோகி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அப்புறம் அது புதன்கிழமை அங்கிள் ஆனது. பள்ளியின் பழைய சாமான் அறையில் கிடந்த கையளவுப் போர்டுகளையும் விளக்குகளையும் அவர் தோண்டி எடுத்தார். கேண்டீன் வரிசைப் படத்தை அதிரா அவருக்குக் காட்டியிருக்கிறாள். "இத அப்படியே நெஜமா பண்ணலாமே," என்றாராம். இரண்டு வரிசையிலும் ஆள் நுழைந்தால் கூட்டி, வெளியேறினால் கழிக்கிற மின்கண்ணை வைத்து, எந்த வரிசை குட்டையோ அங்கே பச்சை விளக்கு எரிகிற மாதிரி பிள்ளைகளை வைத்தே செய்ய ஆரம்பித்தார்.

லோகேஸ்வரிக்குச் சுருக்கென்று தைத்தது அப்போதுதான். வரிசை அவளுடையது. ஒன்பது வருஷமாக வெயிலில் வேர்வையில் பிள்ளைகளை நிறுத்திச் சொல்லிக்கொடுத்த வரிசை. அதற்கு இவர் இரண்டு விளக்கை மாட்டினார், அவ்வளவுதான். இப்போது பள்ளி முழுக்க அங்கிளின் விளக்கு, அங்கிளின் விளக்கு என்றே பேச்சு.

வகுப்பிலும் அது வந்து சேர்ந்தது. பத்து பேருக்குச் சாப்பாடு கொடுக்கிறவரை திரும்பத் திரும்பச் செய்யவேண்டிய வேலைக்கு ஒரு நாள் பலகையில் படம் போட்டாள். முடித்துவிட்டு வழக்கம்போல அதிராவைப் பார்த்தாள். அதிரா தலையாட்டவில்லை. பாடம் முடிந்ததும் ஒன்றும் சொல்லாமல் போனவள், மறுநாள் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"டீச்சர், நேத்து போட்ட படத்த அங்கிள்கிட்ட காட்டுனேன். அது நிக்காம ஓடிக்கிட்டே இருக்கும்னு சொன்னாரு. ஒவ்வொரு ஆளுக்கும் ஒண்ணு கூட்டணும்ல, அந்தக் கட்டம் இல்லயாம்."

பார்த்தால் உண்மைதான். எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுகிற கட்டத்தை அவள் போட மறந்திருந்தாள். நூறு தடவை போட்ட படம். அவசரத்தில் விட்டது.

"ஏன் என்கிட்ட கேக்கல?"

"டீச்சருக்குக் கூச்சமா இருக்குமேன்னுதான்," என்றாள் அதிரா. நல்ல பிள்ளை. அதனால்தான் அது அப்படி எரிந்தது.

அன்று மாலை காடியில் ஏறியதும் கேட்டாள், "அதிரா என் படத்தக் காட்டுனாளா?"

"ஆமா, காட்டுச்சு. சூப்பர் பிள்ளைலா அது. ஒரு கட்டந்தான் விட்டுப்போச்சு, மத்ததெல்லாம் கரெக்டுன்னு சொன்னேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சின்ன விஷயந்தானே," என்றார் கோகிலன். அவருக்கு உண்மையிலேயே சின்ன விஷயம்தான். சந்தோஷமாக விசில் அடித்துக்கொண்டே வளைவில் திரும்பினார். அந்த விசில் அவளுக்குப் பொறுக்கவில்லை.

கேண்டீனில் விளக்கு எரிந்த நாள் பிரின்சிபல் காலைச் சபைகூடலில் ஒலிபெருக்கியில் பேசினார். கோகிலனின் பெயரை மூன்று முறை சொன்னார். வெளியில் இருக்கிறவர்கள் எல்லாரும் இவரைப் போல முன்வந்தால் பள்ளி எங்கேயோ போய்விடும் என்றார். கணினி டீச்சர் என்ற பேச்சே வரவில்லை. லோகேஸ்வரி ஆசிரியர் வரிசையில் நின்று சிரித்த முகமாகவே இருந்தாள். பக்கத்தில் நின்ற அறிவியல் டீச்சர் ரோஹானா அவள் கையைக் கிள்ளினாள்.

"லோகே, உன் வூட்டுக்காரரு இப்ப ஸ்டாருலா. இனிமே உன்னத்தான் மிஸ்டர் கோகிலன் வைஃபுன்னு சொல்லப்போறாங்க."

"சொல்லட்டுமே," என்றாள் லோகேஸ்வரி.

"மாநிலக் கம்ப்யூட்டர் போட்டிக்கு அவரயே பயிற்சியாளரா போடலாம்னு பிரின்சிபல் சொல்லிக்கிட்டிருந்தாரு. ஒனக்கும் நல்லதுதான, ஒரு வேல கொறயும்."

ரோஹானா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அன்று பகல் முழுக்க லோகேஸ்வரிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவருக்கு முகத்தில் களை வந்ததும் அவள் பார்த்ததுதான், இரவில் நன்றாகத் தூங்குவதும் தெரிந்ததுதான். மனைவியாக அவளுக்கு நிம்மதி. டீச்சராக அவளுக்குப் பற்றி எரிந்தது. அந்த இரண்டு பேரையும் ஒரே உடம்பில் வைத்துக்கொள்ள அவளால் முடியவில்லை.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் மழை கொட்டியது. ஜெலுத்தோங் பக்கம் தண்ணீர் ஏறி, காடிகள் ஊர்ந்தன. துடைப்பான் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஏங்க, வெளியாளுங்க ஸ்கூலுக்குள்ள வரக்கூடாதுன்னு மேலிடத்துல இருந்து சொல்லிட்டாங்களாம். இனிமே புதன்கிழமை வரவேணாங்க."

கோகிலன் துடைப்பானின் வேகத்தைக் கூட்டினார்.

"எல்லாருக்குமா, இல்ல எனக்கு மட்டுமா?"

"எல்லாருக்கும்தான்."

"வெளக்கு இன்னும் முடியலயே. மீ கவுண்டர் பக்கத்துல எண்ணிக்கை தப்பா வருது. கையைக் காட்டுனாலும் ஆளுன்னு எண்ணிக்குது." பிறகு அவரே, "சரி, ரூல்ஸுன்னா ரூல்ஸுதான்லா. நீ என்னா செய்வே," என்றார்.

பிள்ளைகளுக்கு இந்தக் கதை செல்லாது. போய்ப் பிரின்சிபலையே கேட்டுவிடுவார்கள். அதனால் அவர்களிடம் வேறு கதை சொன்னாள்: அங்கிளுக்கு நல்ல வேலை கிடைத்துவிட்டது, இனி வர நேரமிருக்காது. பிரின்சிபலிடமும் அதையே சொல்லிவைத்தாள். பிள்ளைகள் ஹே என்று கத்தினார்கள். இக்மல் மேசையில் தாளம் போட்டான். அதிரா மட்டும், "சொல்லாமலே போயிட்டாரே," என்றாள். அப்புறம், "பரவால்ல, அங்கிளுக்கு வேல கெடைச்சதுதான் முக்கியம்," என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அந்தப் புதன்கிழமை கோகிலன் கேட்டுக்கு வெளியே நிற்கக்கூட இல்லை. "காவலாளி ஏதாவது சொல்வான், நீங்க பக்கத்துக் கோப்பிக் கடையிலயே இருங்க, நான் நடந்து வரேன்," என்று அவள் சொல்லியிருந்தாள். கழகம் முடிந்து அவள் போனபோது அவர் காலியான கோப்பிக் கோப்பையின் முன்னால் உட்கார்ந்திருந்தார். டிவியின் முன்னால் உட்காருகிற அதே மாதிரி.

"பிள்ளைங்க கேட்டுச்சிங்களா?"

"கேட்டுச்சிங்க," என்றாள்.

பொய் சொல்கிறவர்களுக்குக் காலண்டர் ஞாபகம் இருக்கவேண்டும். அவளுக்கு இருந்தது. இந்த ஊரில் தீபாவளி என்றால் டீச்சர் வீட்டுக்குப் பிள்ளைகள் கும்பலாக வருவார்கள். சீனப் பிள்ளை, மலாய்ப் பிள்ளை எல்லாம் முறுக்குக்கு அடித்துக்கொள்ளும். அதற்கு அழைப்பு என்று ஒன்று கிடையாது. அதனால் முன்கூட்டியே சொன்னாள்: "இந்த வருஷம் ஓப்பன் ஹவுஸ் இல்ல. நாங்க நிபோங் திபாலுக்குப் போறோம், மாமியார் வீட்டுக்கு." போகவும் போனார்கள். தனுஜாவும் நேரே அங்கே வந்துவிட்டுத் திரும்பிப் போனாள். அந்த வாரக் கடைசியில் வீடு திரும்பி, பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தபோதுதான் வாசலில் வேன் சத்தம் கேட்டது.

அலாவுதீன் வேனை ஓட்டிவந்திருந்தார். ஏழெட்டுப் பிள்ளைகள் இறங்கினார்கள். முன்னால் அதிரா, கையில் பெரிய கேக் பெட்டி.

"ஹேப்பி தீபாவளி டீச்சர்! திரும்பி வந்திருப்பீங்கன்னு எங்களுக்குத் தெரியும்!"

அலாவுதீன் சன்னல் வழியாகவே கை ஆட்டினார். "டீச்சரம்மா, ஒரு மணி நேரத்துல வந்து ஏத்திக்கிறேன். தொல்ல குடுத்தா காத முறுக்குங்க." வேன் போய்விட்டது.

வாசலுக்கு வந்த பிள்ளைகளை வெளியே நிறுத்தவா முடியும்? கோகிலன் முகம் மலர்ந்து, "வாங்க வாங்க," என்று உள்ளே கூப்பிட்டுவிட்டார். லோகேஸ்வரி சமையலறைக்குள் நுழைந்துகொண்டாள். வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்புகிற வழக்கமும் அந்த வீட்டில் இல்லை. அடுப்பில் கோழிக்கறியைச் சூடு பண்ண வைத்தாள். மாவு இருந்தது, தோசைக்கல்லைப் போட்டாள். டப்பாவில் மிச்சமிருந்த முறுக்கையும் அச்சு முறுக்கையும் தட்டில் கொட்டினாள். கை வேலை செய்தது, காது கூடத்தில் இருந்தது.

"அங்கிள், கங்கிராட்ஸ்!" இது இக்மல்.

"எதுக்குலா?"

"புது வேல கெடைச்சதுக்கு!"

தோசைக்கல் சீறியது. அவள் மாவை ஊற்றின கையை எடுக்கவில்லை. அந்த நொடியில் அவர் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்திருப்பார் என்று பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது.

"யாரு சொன்னா?" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"டீச்சர்தான். ரெண்டு மூணு வாரம் இருக்கும். நீங்க ஏன் எங்ககிட்ட சொல்லல?"

இப்போது சொல்லிவிடுவார். எனக்கு ஒரு வேலையும் இல்லையே என்று சொல்லிவிடுவார். அப்புறம் அவள் எந்த முகத்தோடு அந்தக் கூடத்துக்குள் போவது, எந்த முகத்தோடு பள்ளிக்குப் போவது? கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆமாலா," என்றார் கோகிலன். "திடீர்னு வந்திருச்சு. சொல்ல நேரமில்ல."

"எங்க அங்கிள்?"

"கூலிம்ல."

"எங்கப்பாவும் கூலிம்லதான்!" இது ஹரீஷ். "எந்த ஃபேக்டரி அங்கிள்? எங்கப்பாவ உங்கள வந்து பாக்கச் சொல்றேன்."

"புது ஃபேக்டரிப்பா. இன்னும் போர்டுகூட மாட்டல."

"அங்க என்னா வேல?"

"அதான்... முன்ன பாத்த அதே வேலதான். டெஸ்ட்டிங்."

ஒவ்வொரு கேள்விக்கும் அவர் தேடித் தேடிப் பதில் சொன்னார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன். இரண்டாவது பதிலில் குரல் மெலிந்தது, மூன்றாவதில் இருமினார். அவள் வைத்த பொய்யை அவர் தலையில் தூக்கிக்கொண்டு தள்ளாடுவதை இவள் கரண்டியைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். தோசை கருகியது.

தட்டோடு அவள் வெளியே வந்தபோது கேக் மேசைமேல் இருந்தது. வெள்ளை கிரீமில் நீல எழுத்தில் அங்கிளை வாழ்த்தியிருந்தார்கள். பிள்ளைகள் அவர் கையில் கத்தியைக் கொடுத்து, சுற்றி நின்று பாடினார்கள். அவர் வெட்டினார். முதல் துண்டை எடுத்து, பிள்ளைகள் டீச்சருக்கு, டீச்சருக்கு என்று கத்த, அவள் வாயில் வைத்தார். அவள் கண்ணை அவர் பார்க்கவில்லை. தின்ன முடியாமல் தின்றாள்.

பிள்ளைகள் போனபிறகு அவர் கூடத்தைக் கூட்டினார். தட்டுகளைக் கழுவினார். அவள் துடைத்து அடுக்கினாள். குழாயை மூடின பிறகுதான் பேசினார்.

"மேலிடத்துல இருந்து ஒண்ணும் சொல்லலதான?"

"இல்லீங்க."

"வரவேணாம்னு நீயே சொல்லியிருந்தா நின்னிருப்பேன்லா. எதுக்கு வேல கெடைச்சிருச்சின்னு சொன்னே? தெனமும் அந்த வார்த்தைய யார்கிட்டயாவது சொல்ல மாட்டமான்னு இருக்கேன் நானு. இன்னிக்கு மொத தடவ சொன்னேன். கேக் வேற வெட்டுனேன்."

"எனக்குப் பொறாமைங்க," என்றாள் லோகேஸ்வரி. வாய்விட்டுச் சொன்னதும் அழுகை வந்தது. "ஒம்போது வருஷமா முட்டி மோதி அந்தப் பிள்ளைங்கள பிடிச்சு வச்சிருந்தேன். நீங்க வந்து ரெண்டு வெளக்கப் போட்டீங்க, எல்லாம் உங்க பக்கம் போயிருச்சு. அதிராகூட. என்னால தாங்க முடியல."

அவர் ஈரக் கையைக் கைலியில் துடைத்தார்.

"காலையில உன்ன எறக்கி விட்டுட்டு ஏன் நிக்கிறேன்னு நெனச்சே? நீ பேக்க மாட்டிக்கிட்டு உள்ள போறத பாத்துக்கிட்டிருப்பேன். கேட்டு பக்கத்துல நாலு பிள்ளைங்க ஓடிவந்து உன் பேக்க வாங்கும். எனக்கு வயிறு எரியும்லா. எரியுறது எனக்கும் தெரியும்." சமையலறை விளக்கை அணைக்கப் போனவர் திரும்பினார். "உனக்கு வாரத்துல அஞ்சு நாளு இருக்கு. எனக்கு இருந்தது ஒரு புதன்கிழமை. அதயுமா லோகே?"

அவர் போய் டிவியைப் போட்டார். சத்தத்தை அணைத்தார்.

புதன்கிழமை வந்தது. காடி பள்ளியை நெருங்கியபோது அவள், "இன்னைக்கு மதியம் உள்ள வாங்க," என்றாள்.

"எப்படி வர்றது? நாந்தான் கூலிம்ல வேலைக்குப் போயிட்டேனே," என்றார் கோகிலன். கோபமாகச் சொல்லவில்லை. உள்ள நிலையைத்தான் சொன்னார். அன்று அவள் இறங்கியதும் நிற்காமல் காடியை எடுத்துவிட்டார்.

மதியம் கழகம் கூடியது. மீ கவுண்டரில் விளக்கு இன்னும் தப்பாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் போர்டைக் கழற்றிவந்து மேசைமேல் வைத்து, வேகவேகமாக மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹரீஷ் கேட்டான், "டீச்சர், அங்கிளுக்கு வேல எப்படி இருக்காம்? எங்கப்பா கூலிம் பூரா விசாரிச்சிட்டாரு, அந்த ஃபேக்டரி யாருக்கும் தெரியலயாம்."

லோகேஸ்வரி கணினியின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் புரியவேண்டும் என்று மலாயிலேயே சொன்னாள். அங்கிளுக்கு வேலை கிடைக்கவில்லை. நான் பொய் சொன்னேன். அவரிடமும் பொய் சொன்னேன், அவர் வராமல் இருக்கவேண்டும் என்று. அன்றைக்கு வீட்டில் அவர் சொன்னதெல்லாம் என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னது.

"அலாமா," என்று மெதுவாக வாயைப் பிளந்தான் இக்மல்.

"ஏன் டீச்சர்?" இது அதிரா. தமிழில் கேட்டாள்.

"நீங்க எல்லாரும் அவரயே தேடுனீங்க. எனக்குப் பொறுக்கல."

அதிரா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தில் என்ன இருந்தது என்று லோகேஸ்வரியால் படிக்க முடியவில்லை. ஒன்பது வருஷத்தில் ஒரு வகுப்பின் முன்னால் அவ்வளவு சின்னவளாக அவள் நின்றதில்லை.

"இப்ப அங்கிள் எங்க?" என்றாள் அதிரா.

லோகேஸ்வரி போனை எடுத்து அழைத்தாள். "சொல்லிட்டேங்க. வாங்க," என்றாள். அந்தப் பக்கம் கோப்பிக் கடையின் இரைச்சல் கேட்டது. பிறகு நாற்காலி நகர்கிற சத்தம்.

"கேட்டுக்கு வராரு," என்று பிள்ளைகளிடம் சொன்னாள்.

போர்டு, வயர், திருகாணி எல்லாம் போட்டது போட்டபடி கிடக்க, அறை ஒரு நிமிஷத்தில் காலியானது. நடைபாதையில் ஓடக்கூடாது என்று கத்தவேண்டிய டீச்சர் கத்தவில்லை. சன்னல் பக்கம் போய் நின்றாள். தூறலில் காவலாளி கேட்டைத் திறந்துகொண்டிருந்தான். வயிறு எரியத்தான் செய்தது, கொஞ்சமும் குறையாமல். எல்லாருக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தவள் அதிரா.